எட்டாவது வளைவு

முதல் இடத்தில் ஓடுகிறவனுக்கு முன்னால் இன்னொரு கார் இருக்கக் கூடாது. ஆனால் இருந்தது.

"இதையுமா சொதப்பி வச்சிருக்கானுங்க!" என்று தலையில் அடித்துக்கொண்டார் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். பள்ளிக்கூட நாளில் தெருமுனைக் கடையில் வரிசையில் நின்று ஆடிய கார் ரேஸ் கேம், இருபத்தைந்து வருஷம் கழித்துப் புதுசாக வந்திருக்கிறதே என்று ஆசை ஆசையாய் வாங்கி, காலையிலிருந்து டிவி முன்னால் உட்கார்ந்து திட்டிக்கொண்டேதான் ஆடுகிறார். மழை நிஜ மழையாட்டம் பெய்கிறது, சேறு கண்ணாடியில் தெறித்து வழிகிறது, ஆனால் அந்தப் பழைய சுகம் மட்டும் எங்கே போய்த் தொலைந்ததோ தெரியவில்லை. மனைவியும் மகளும் காரை எடுத்துக்கொண்டு மலைமேல் மச்சினி வீட்டுக்குப் போயிருந்தார்கள். சாயங்காலம் வந்துவிடுவார்கள்.

ஜன்னலெல்லாம் சாத்தியிருந்தது. அப்புறம் எப்படி அறைக்குள் நனைந்த தாரின் வாடை அடிக்கிறது?

எட்டாவது வளைவு வந்தது. அந்தக் காலத்தில் கூட்டாளிகள் அவருக்கு வைத்த பட்டப்பெயர் 'பிரேக்கு'. அதை அவர் தொடவே மாட்டார் என்பதால் வைத்த பெயர். வேகத்தைக் குறைக்காமல் பக்கத்துக் காரின்மேல் சாய்ந்தே திரும்பிவிடுவார். அது பள்ளத்தில் விழும், இவர் ஜெயிப்பார். பழகிய கை சும்மா இருக்குமா? முன்னால் போன வெள்ளைக் காரை முட்டித் தள்ளினார்.

காலடியில் தரை அதிர்ந்தது.

வெள்ளைக் காரின் இடது பின்விளக்கு உடைந்து, மேலே சிவப்பு டேப். போன வாரம் அவரே கோணல்மாணலாக ஒட்டிய டேப்.

போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டார். மனைவி.

"ஏங்க, பின்னாடி ஒருத்தன் வந்து இடிச்சுக்கிட்டே இருக்கான்! ஒதுங்கவே விடமாட்டேங்கறான்! ஒரு பக்கம் பள்ளம்ங்க!"

ரிமோட்டில் பிரேக்கை அழுத்தினார். பிடிக்கவில்லை. மறுபடி அழுத்தினார். பாய்ந்து போய் ஒயரைப் பிடுங்கினார். படம் அணையவில்லை. ஓடிக்கொண்டே இருந்தது.

"நிறுத்து! காரை நிறுத்தும்மா!"

"நிறுத்தினாலும் தள்ளுறான்ங்க!"

கையிலிருந்த ரிமோட்டை உதறினார். விழவில்லை. கட்டைவிரல் ஆக்சிலேட்டர் பொத்தானை விட்டு வரவில்லை. இடது கையால் பிடித்து இழுத்தார். வரவில்லை.

போனில் இப்போது மகளின் குரல். அழுதுகொண்டிருந்தாள்.

"அப்பா... பின்னாடி கார்ல நீங்கதானே இருக்கீங்க? ஏன்ப்பா சிரிக்கிறீங்க?"

டிவி கண்ணாடியில், எட்டாவது வளைவின்மேல், அவர் முகம் தெரிந்தது. கண்ணீர் வழிய, பல்லெல்லாம் தெரிய, சிரித்துக்கொண்டிருந்தது.