கிட்டத்தில் பார்க்க ஒரு லென்ஸ்

சுவர்க்கண்ணாடிக்குள் ஓர் ஆள் அதிகம் இருப்பதாக ஓஸ்வால்டுக்குப் பட்டது.

காக்ஸ் டவுனில் கண் டாக்டர் ஆஞ்சலாவின் அறை பத்தடி நீளம்தான். தூரம் போதாததால் எழுத்து அட்டையை நாற்காலிக்குப் பின்னால், தலைக்கு மேலே மாட்டி, எதிர்ச்சுவரில் பெரிய கண்ணாடி பதித்திருந்தாள். உட்கார்ந்தவர் கண்ணாடியில் தெரியும் அட்டையைத்தான் படிக்க வேண்டும். வெளியே ஜூலை மழை விடாமல் தகரத்தில் கொட்டிக்கொண்டிருக்க, ஸ்பிரிட் வாசனைக்கு அடியில் எங்கிருந்தோ சேற்று வாசனையும் டீசல் வாசனையும் வந்தன. அட்டைக்குக் கீழே மங்கலாக ஏதோ கறுப்பாக நின்றது. மாட்டி வைத்த மழைக்கோட்டாக இருக்கும் என்று நினைத்தார்.

ஓஸ்வால்ட் பள்ளிப் பேருந்து ஓட்டுபவர். வயது ஐம்பத்திரண்டு. நாளைக்குள் கண் சான்றிதழ் கொடுக்காவிட்டால் லைசென்ஸ் புதுப்பிக்க மாட்டார்கள். வண்டிச்சாவி வேறு கைக்குப் போய்விடும். அந்தப் பயத்தில் மூன்று வாரமாக அவருக்குச் சாப்பாடே இறங்கவில்லை. அந்தப் பயம் மட்டுமா? மூன்று வாரத்துக்கு முன்னால், சந்தாபுரா சாலையில், மழை இருட்டில் காலி வண்டியோடு திரும்பியபோது இடப்பக்கம் எதுவோ மோதியது. நாய் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு நிறுத்தாமல் வந்துவிட்டார். காலையில் பம்பர் இடுக்கில் ஒரு பச்சை வளையல் துண்டு இருந்தது. அதைச் சாக்கடையில் போட்டார்.

கனத்த ஃபிரேமை அவர் மூக்கில் மாட்டி ஆஞ்சலா லென்ஸ் மாற்றினாள். "இது நல்லாருக்கா அங்கிள், இதுவா?"

எழுத்துகள் தெளிந்தன. கறுப்பும் தெளிந்தது. மழைக்கோட்டு இல்லை, புடவை.

இன்னொரு லென்ஸ். சொட்டும் கூந்தல்.

சட்டென்று திரும்பினார். வெறும் சுவர்.

"முதல்ல போட்டதே நல்லாருந்தது மா."

"அதுல மூணாவது வரியே உங்களுக்கு வரலையே. அத எழுதினா லைசென்ஸ் போச்சு அங்கிள்."

வேறு வழி? அடுத்த லென்ஸ். கடைசி வரிவரை படித்தார். ஒவ்வொரு வரிக்கும் கண்ணாடிக்குள் இருந்த புடவைக்காரி இன்னும் கொஞ்சம் நெருங்கினாள்.

"மைனஸ் ஒண்ணேமுக்கால். பாஸ்!" ஆஞ்சலா சிரித்தாள். "மேல தூரத்துக்கு, கீழ படிக்கறதுக்கு. ரெண்டும் சேத்து பைஃபோகல் எழுதறேன். இப்ப கிட்டத்துல பாக்கலாம்."

பிளஸ் லென்ஸ் செருகியதும் எதிர்ச்சுவர் முழுவதும் கலங்கி மறைந்தது. அப்பாடா என்றிருந்தது. சின்ன எழுத்து அட்டையை இரண்டு கையாலும் பிடித்துப் படிக்கத் தொடங்கினார். ஒவ்வொரு எழுத்தும் பளிச்சென்று இருந்தது.

அட்டையில் ஒரு சொட்டுத் தண்ணீர்.

இன்னொன்று.

கழுத்தில் ஈரமான மூச்சு.

"ஏன் நிறுத்திட்டீங்க அங்கிள்? படிங்க."

அட்டை நடுங்கவே இல்லை. அவர் கைகள் இரண்டும் நடுங்கின. தோளுக்கு மேலாக நீண்ட மூன்றாவது கை அதை அசையாமல் பிடித்திருந்தது. நகக்கண்ணில் சேறு. மணிக்கட்டில் பச்சை வளையல்கள். அவற்றில் ஒன்று பாதிதான் இருந்தது.