விலைச்சீட்டு இல்லாத ஒன்பது செடிகள்

செவ்வாய்க்கிழமை, காலை 8.10.

இரவுப் பணி முடிந்து வீடு திரும்பிய நர்ஸ், கைப்பையைக்கூட வைக்காமல் மொட்டை மாடிக்கு ஏறினாள். ஆர்க்கிட் செடிகளை ஒரு நோட்டம் விட்ட பிறகுதான் அவளுக்குப் படுக்கை. நிழல்வலையை விலக்கி உள்ளே கால் வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

நேற்று மாலை விறைப்பாக நின்ற இலைகள், வேகவைத்த கீரைபோல் தொட்டிகளின் விளிம்பில் துவண்டு தொங்கின. ஒன்றைத் தொட்டாள். தோல் விரலோடு வந்தது.

அவள் போட்ட கூச்சலில், முதல் மாடியில் இருவரும் குடியிருந்த வீட்டிலிருந்து அண்ணன் ஏறி வந்தார். அவளைவிடப் பதினைந்து வயது மூத்தவர். பின்னாலேயே, தரைத்தளத்தில் கடை வைத்திருக்கும் தையல்காரர், கழுத்தில் அளவு நாடாவோடு.

"நாலு வருஷம்ணா," என்றாள் நர்ஸ். "ஒரு கன்னு பூக்கறதுக்கு நாலு வருஷம் ஆகும்."

அவள் தையல்காரர் பக்கம் திரும்பினாள்.

"போன வாரம் என்ன சொன்னீங்க? தண்ணி சொட்டித் துணி பாழாகுது, எல்லாத்தையும் தூக்கி வீசறேன்னு சொன்னீங்களா இல்லையா?"

"வாய்தாம்மா எனக்கு நீளம். கை நீளம் கிடையாது," என்றார் தையல்காரர். "நீங்க போன மாசம் பண்ணிக்குடுத்த கஷாயத்துல எனக்கு இருமல் நின்னுச்சு. உங்க செடி மேல கை வைப்பேனா?"

காலை 10.00.

வாசலில் ஒருவர் நின்றார். வெளுத்த சட்டை, கக்கத்தில் கோப்பு. வருமான வரி அலுவலக ஆய்வாளர். ஒரு வரி விடாமல் படித்துச் சலிப்பதால், அலுவலகத்தில் அவருக்குச் 'சல்லடை' என்று பெயர்.

"நீங்க வளர்த்து விக்கற செடிகளைப் பார்க்க வந்தேன். அஞ்சு நாள் முன்னாடியே கடிதம் அனுப்பினோமே?"

"எனக்கு எந்தக் கடிதமும் வரலையே சார்," என்றாள் நர்ஸ். அழுது அவள் கண் சிவந்திருந்தது.

அண்ணன் அவசரமாகக் குறுக்கே வந்தார். "பொழுதுபோக்குக்கு வளர்க்கறா சார். யாராவது கேட்டா ஒண்ணு ரெண்டு குடுப்பா. அதுக்கெல்லாமா வரி?"

"பொழுதுபோக்கோ என்னவோ, வித்துப் பணம் வந்தா அது வருமானம்தாங்க. காட்டித்தான் ஆகணும்."

"அதை அப்புறம் பேசலாம்ணா," என்று நர்ஸ் சட்டென்று பேச்சை வெட்டினாள். "மேல வந்து பாருங்க சார். பார்க்க என்ன மிச்சமிருக்குன்னு."

மூவரும் மாடி ஏறினார்கள். ஆய்வாளர் நிழல்வலைப் பந்தலுக்குள் குனிந்து நுழைந்தார். தொட்டி மண்ணை முகர்ந்தார். மருந்து வாடை இல்லை. ஒரு தொட்டியில் செருகியிருந்த பிளாஸ்டிக் விலைச்சீட்டை உருவினார். அதன் அடிப்பகுதி நெளிந்து சுருண்டிருந்தது. இன்னொன்றை உருவினார். அதுவும் அப்படியே.

"வெந்நீர்," என்றார். "நல்லாக் கொதிச்ச தண்ணி. வேரிலேயே ஊத்தியிருக்காங்க."

நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"போலீஸ்ல சொல்லலாமா சார்?" என்றாள்.

"சொல்லலாம். அதுக்கு முன்னாடி நான் எண்ண வந்ததை எண்ணிடறேன்."

எண்ணினார். மொத்தம் அறுபத்து மூன்று. செத்தவை ஐம்பத்து நான்கு. உயிரோடு ஒன்பது. அந்த ஒன்பதும் ஓர் ஓரமாக இல்லை. இங்கொன்று, அங்கொன்று என்று செத்த செடிகளுக்கு நடுவே நின்றன. எதிலும் விலைச்சீட்டு இல்லை.

"இது என்ன கணக்கும்மா?"

"அது தாய்ச்செடி சார். விக்கறதில்ல. அதுலேர்ந்துதான் கன்னு பிரிப்பேன்."

"விலை அதிகமோ?"

"ஒண்ணு வித்தா மத்தது பத்து வித்த மாதிரி. ஆனா விக்க மாட்டேன்."

காலை 10.40.

ஆய்வாளர் தையல்காரரை மேலே அழைத்தார்.

"காலையில எத்தனை மணிக்கு வந்தீங்க?"

"ஆறரை."

"மாடிக்கு வந்தீங்களா?"

"நனைச்ச துணியைக் கொடியில போட வந்தேன் சார். செடிப் பக்கமே பார்க்கல. வழுக்கி விழ இருந்தேன், படியெல்லாம் ஈரம்."

"எல்லாப் படியுமா?"

தையல்காரர் யோசித்தார். "இல்ல. என் கடையிலேர்ந்து இவங்க வீடு வரைக்கும் காஞ்சுதான் இருந்துச்சு. அதுக்கு மேலதான் ஈரம்."

ஆய்வாளர் மாடிச் சுவரிலிருந்த குழாயைத் திறந்தார். தண்ணீர் கொட்டியது. மூடினார். தையல்காரரைக் கடைக்குப் போகச் சொல்லிவிட்டு, நிழலில் கவிழ்ந்து கிடந்த வாளியின்மேல் உட்கார்ந்தார்.

"நாம எல்லாரும் செத்த செடியையே பார்த்துக்கிட்டிருந்தோம். உயிரோட இருக்கறதை யாரும் பார்க்கல. கோபத்துல வந்தவன் நிறுத்தி நிதானமா ஒன்பது தொட்டியை விட்டுவைப்பானா? பொறாமையில வந்தவன் முதல்ல தாய்ச்செடியைத்தான் தொலைச்சிருப்பான். இவரு அப்படிச் செய்யல. விலைச்சீட்டு இருந்தா ஊத்தியிருக்காரு. இல்லேன்னா சொட்டு படாம ஒதுங்கியிருக்காரு. விக்கற செடி ஒண்ணுகூட இருக்கக்கூடாது. அதுதான் அவருக்கு வேணும்."

கோப்பைத் திறந்து கடிதத்தின் நகலை எடுத்துப் படித்தார். "'விலை குறித்து விற்பனைக்கு வைத்துள்ள செடிகள் செவ்வாய்க்கிழமை நேரில் எண்ணப்படும்.' இதை எழுதினது நான். ஒட்டின உறையைக் கொண்டுவந்தது தபால்காரர். பிரிச்சது இன்னொருத்தர். மாடியில குழாய் இருக்கும்போது படி ஏன் நனையுது? தண்ணி கொதிச்சது முதல் மாடி அடுப்புல."

நர்ஸ் அண்ணனைப் பார்க்கவில்லை. நெளிந்த விலைச்சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அஞ்சு மணிக்கு ஆரம்பிச்சேன்," என்றார் அண்ணன். குரல் தரையை நோக்கிப் போயிற்று. "பதினோரு தடவை ஏறி இறங்கினேன்."

"ஏண்ணா?"

"போன வருஷம் நீ கேட்டப்போ, செடி வித்ததையெல்லாம் வரிக் கணக்குல எழுதாதே பாப்பா, யாரு பார்க்கப் போறாங்கன்னு சொன்னது நான்தானே? முன்னாடி நான் வெச்சிருந்த கடையை இவங்க ஆபீஸ் நோட்டீஸ்தானே மூட வெச்சுச்சு? கடிதத்தைப் பிரிச்சுப் பார்த்ததும் உன் கண்ணுல படாம ஒளிச்சு வெச்சேன். அரசாங்க ஆஸ்பத்திரி வேலை. நீ மறைச்சேன்னு தெரிஞ்சா உன்னை வேலையை விட்டே தூக்கிடுவாங்க. செடியே இல்லேன்னா எதை எண்ணுவாங்கன்னு நினைச்சேன்."

ஆய்வாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

"உங்க தங்கச்சி எதையும் மறைக்கலைங்க. வித்த ஒவ்வொரு செடியையும் எழுதியிருக்காங்க. ஆனா பொழுதுபோக்குன்னு போட்டுட்டாங்க. அப்படிப் போட்டா உரம், தொட்டி, வலைக்கு ஆன செலவைக் கழிக்க முடியாது. விக்கற செடியை எண்ணி, தொழில்னு மாத்தலாமான்னு பார்க்கத்தான் வந்தேன். மாத்தியிருந்தா கட்டின வரியில பாதி திரும்பக் கிடைச்சிருக்கும்."

அண்ணன் தங்கையைப் பார்த்தார்.

"ஏன் பாப்பா என்கிட்ட சொல்லல?"

"சொன்னா பயப்படுவீங்கன்னுதான்ணா."

கீழே தையல் இயந்திரம் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

"ஒரு வழி இருக்கு," என்றார் ஆய்வாளர் தயக்கத்தோடு. "இதை நஷ்டமாக் காட்டலாம். ஆனா அதுக்குப் போலீஸ் புகார் நகல் வேணும். புகார்ல யார் செஞ்சதுன்னு..."

"வேண்டாம் சார்."

"பெரிய தொகைம்மா. யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிக்க ஒண்ணுமில்ல. என்ன எழுதணுமோ எழுதுங்க. கையெழுத்துப் போடறேன். சாயங்காலம் மறுபடி டியூட்டி இருக்கு."

இருபத்தாறு வருடப் பணியில் ஆய்வாளர் பொய்யாக ஒரு வரி எழுதியதில்லை. பேனாவைப் பிடித்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். கடைசியில், 'விற்பனைக்குரிய செடிகள்: இல்லை' என்று எழுதினார். காரணம் என்ற இடத்தில், 'பட்டுப்போயின' என்று மட்டும் எழுதினார்.

அவர் படியில் கால் வைத்தபோது பின்னாலிருந்து அண்ணன் கேட்டார்.

"சார், வேர்ல ஒரு துளி உயிர் இருந்தா துளிர்க்கும் இல்லையா?"

ஆய்வாளருக்குச் செடிகளைப் பற்றி ஒன்றும் தெரியாது. அவர் நர்ஸைத் திரும்பிப் பார்த்தார். அவளுக்குத் தெரியும். அவள் குழாயடிக்குப் போய், தாய்ச்செடிகளுக்குத் தண்ணீர் பிடிக்க ஆரம்பித்தாள்.