மெல்ரொன் நின்ற இடங்கள்

வெயில் உச்சிக்கு ஏறிய நேரம் மயில்வாகனத்தின் சைக்கிள் வன்னியில், அளம்பில் ஊர் அகதிக் கொட்டில்களுக்கு நடுவே வந்து நின்றது. தபால்காரரான அவர் வழக்கமாக அடிக்கும் மணியை அன்று அடிக்கவில்லை. கடித உறையை யூலியானாவின் கையில் வைத்துவிட்டு முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார்.

உறையில் அண்ணன் மெல்ரொனின் கையெழுத்து.

அண்ணன் செத்துப்போனதாகக் கடிதம் வந்து பதின்மூன்று நாள்தான் ஆகியிருந்தது.

அதை எழுதியவன் பாலன். மொஸ்கோவிலிருந்து மெல்ரொனோடு ஒரே லொறியில் ஒளிந்து போனவன். ஜனவரி பதினாலாம் திகதி, எல்லை தாண்ட முதல், மூடிய பெட்டிக்குள் மூச்சுத் திணறி மெல்ரொன் போய்விட்டான், ஒரு காட்டோரம் இறக்கிக் கிடத்திவிட்டு வரவேண்டியதாகிவிட்டது என்று எழுதியிருந்தான். அவனுடைய கமரா தன்னிடம்தான் இருக்கிறது, வசதி கிடைத்தால் அனுப்புவதாகவும் சொல்லியிருந்தான்.

யூலியானா உறையைக் கிழித்தாள். உள்ளே ஒரு படம். நீளமான கல்லுப் பாலம், இரண்டு பக்கமும் புனிதர்களின் சிலைகள், சிலைகளின் தலையில் பனி. நடுவில் மெல்ரொன் நின்று சிரித்தான். பின்பக்கத்தில், ‘பிராக். அறுநூறு வருசப் பாலம். வடிவைப் பார் தங்கச்சி.’

யூலியானாவுக்குக் கட்டடங்கள் என்றால் பைத்தியம். பழைய கலண்டர் தாள்களில் வந்த கோபுரங்களையும் மாளிகைகளையும் கொட்டில் தட்டியில் ஒட்டிவைத்திருந்தாள். வெளிநாட்டுக்கு வெளிக்கிட்ட அன்று, வழியில் பேர்போனது எது வந்தாலும் அதற்கு முன்னால் நின்று படம் எடுத்து அனுப்புவதாக மெல்ரொன் வாக்குக் கொடுத்தான். மொஸ்கோத் தேவாலயத்தின் படம் முதலில் வந்தபோது, வெங்காயத்துக்குச் சாயம் பூசிக் கூரையில் வைத்திருக்கிறார்கள் என்று அம்மா கிறேஸ் விழுந்து விழுந்து சிரித்தாள். தம்பி உலகத்தை அளந்து முடித்துவிட்டுத்தான் வேலைக்குப் போவார்போல என்று மயில்வாகனமும் நக்கலடித்தார்.

இப்போது அம்மா படத்தின் மூலையில் செம்மஞ்சளாய் விழுந்திருந்த எண்களில் விரலை வைத்தாள். 98, பெப்ரவரி மூன்று.

“திகதியைப் பாத்தியே? பாலன் ஆரையோ பாத்திட்டு மாறி எழுதிப்போட்டான்.”

பதின்மூன்று நாளும் பச்சைத் தண்ணீர்கூட ஒழுங்காகக் குடிக்காதவள், அன்று உலை வைத்தாள். யூலியானாவும் நம்பத்தான் ஆசைப்பட்டாள்.

ஆனால் படத்தில் டீசல் மணந்தது. பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெயில் வாகனம் ஓடுகிற வன்னியில் அந்த மணத்தை அவள் மறந்தே போயிருந்தாள்.

கமரா பாலனிடம் என்றால், இந்தப் படத்தை எடுத்தது யார்?

பாலத்தில் நின்ற சனங்களின் வாயிலிருந்து குளிருக்குப் புகை போய்க்கொண்டிருந்தது.

மெல்ரொனும் வாய் திறந்துதான் சிரித்தான்.

அவன் வாயில் புகை இல்லை.

அண்ணனின் ஆத்துமாவுக்குப் பூசை ஒப்புக்கொடுக்கச் சொல்லி அன்றிலிருந்து அவள் அம்மாவைக் கெஞ்சத் தொடங்கினாள். சொன்னபோதெல்லாம் கிறேஸ் எழும்பிப் போய்விடுவாள். ஒருநாள் மட்டும் நின்று, மெல்லிய குரலில் சொன்னாள்.

“பூசை வைச்சால், அவன் செத்தவனாப் போயிடுவான், பிள்ளை.”

ஏப்ரலில் அடுத்த படம் வந்தது. பாரிஸ், ஈபிள் கோபுரம். இரும்பை நூலாக்கிப் பின்னியதுபோன்ற அந்தக் கோபுரத்தைப் பார்க்க யூலியானா எத்தனை வருசம் ஏங்கியிருப்பாள். கண் அதில் நிற்கவில்லை. மெல்ரொனின் கன்னம் உள்ளே போயிருந்தது. குளிர்ச்சட்டை இல்லை. ஈரக் கல்லில் வெறுங்காலோடு நின்றான். விரல்கள் நீலம் பாரித்திருந்தன.

பின்னால், ‘நடந்துதான் வந்தனான்.’

கிறேஸ் படத்தை மடியில் வைத்துக்கொண்டாள். பெருவிரலால் அவனுடைய கால்களைத் தேய்த்துத் தேய்த்துச் சூடேற்றப் பார்த்தாள்.

பிறகு, தலை நிமிராமலே, “பிள்ளைக்குக் கால் நோகுது” என்றாள். “சுவாமியாரிட்டைப் போய்ப் பூசைக்குச் சொல்லு. அவன் இளைப்பாறட்டும்.”

ஏப்ரல் இருபத்திரண்டாம் திகதி காலை, தென்னங்கிடுகு வேய்ந்த கோயிலில் பூசை நடந்தது. சுவாமியார் மெல்ரொனின் பெயரைச் சொன்னதும் அம்மா நிலத்தில் விழுந்து கத்தி அழுதாள். அத்தனை நாளும் அடக்கிவைத்த அழுகை.

வாசல் பக்கமிருந்து டீசல் மணம் வந்தது.

யூலியானா திரும்பிப் பார்க்கவில்லை. அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு கண்ணை இறுக்கி மூடினாள். கொஞ்ச நேரத்தில் மணம் போய்விட்டது. அண்ணன் இளைப்பாறப் போய்விட்டான் என்று நினைத்தாள். அன்றைக்குத்தான் அம்மாவும் நிம்மதியாக நித்திரை கொண்டாள்.

மூன்றாம் நாள், கொட்டில் தட்டியில் ஓர் உறை செருகியிருந்தது. முத்திரை இல்லை. தான் அந்தப் பக்கமே வரவில்லை என்று மயில்வாகனம் அந்தோனியார்மேல் சத்தியம் செய்தார்.

படத்தில் இருந்தது அவர்களுடைய கிடுகுக் கோயில்தான். மூலையில் ஏப்ரல் இருபத்திரண்டு. திறந்த வாசலுக்குள், நிலத்தில் விழுந்து கிடக்கிற அம்மா. அவளுடைய தோளைப் பிடித்திருக்கும் யூலியானாவின் முதுகு.

வாசலுக்கு வெளியே மெல்ரொன். அவனுடைய நெஞ்சுக்கு ஊடாகக் கிடுகுத் தட்டி தெரிந்தது.

யூலியானா படத்தைத் திருப்பினாள்.

‘இது எந்த நாடெண்டு தெரியேல்லை, தங்கச்சி. சின்னக் கோயில், ஆனால் நல்ல வடிவு. உள்ளுக்கை ஆருக்கோ பூசை நடக்குது. ஒரு தாய் கிடந்து அழுகிறா. பாக்கேலாமல் திரும்பி நடக்கிறன்.’