கல் ஏற்றிய வண்டி

விடிந்ததும் மேலூத்து மலைச்சாலையில் முறைவண்டி இறங்கும். அதற்கு வேலை என்று ஒன்றும் கிடையாது. அடிவாரம் வரை போய்த் திரும்ப வேண்டும், அவ்வளவுதான். வீட்டுக்கு ஒரு நாள் முறை. இன்று திருமலைச்சாமியின் முறை. பிக்கப் வண்டியில் கருங்கற்களை ஏற்றிக்கொண்டிருந்தான்.

“ஏனுங்க மாமா, பாறைக்கெல்லாம் ஊர் சுத்திக் காட்டறீங்களா?” என்று சிரித்தாள் அவன் மனைவி பொன்னரசி.

“உன்னையத்தான் தெனம் பாக்கறனே, ஒரு மாத்தத்துக்கு இருக்கட்டும்னுதான் கண்ணு.”

ஒவ்வொரு சாலையும் தன் மேல் ஓடும் வண்டிகளின் வரியால் மட்டுமே பிழைக்க வேண்டும் என்பது சட்டம். வண்டியின் எடையும் ஓடிய தூரமும் சேர்ந்து வரியாகும். பராமரிப்புக்கு அது போதாவிட்டால் சாலை ‘உறங்குசாலை’ ஆகிவிடும். பிறகு எந்த வண்டியின் இயந்திரமூளையும் அதில் சக்கரத்தை உருட்டாது.

மேலூத்துக்கு வந்து போவோர் குறைவு. அதனால்தான் இந்த முறை ஓட்டம். கல் ஏற்றும் யோசனை திருமலைச்சாமியுடையது. எடை கூடினால் வரி கூடுமே! பொன்னரசிக்கு வாரம் மூன்று நாள் கீழே டவுனில் டயாலிசிஸ். அவன் சாலையைக் காத்தது அவளுக்காக. ஒரு வருடமாக ஊரே அவனைப் பார்த்துக் கல் ஏற்றியது.

அன்று மதியம் சாலை அளவையர் நிலோஃபர் வந்தாள். மடிதிரையை விரித்துக் காட்டினாள். தாருக்குள் புதைந்து சாலையின் தேய்மானத்தை அளக்கும் உணரிழைகள் எல்லாம் அதில் சிவந்து கிடந்தன.

“எடை ரெண்டு மடங்கானா வரி ரெண்டு மடங்குதாங்க. ஆனா ரோடு பதினாறு மடங்கு தேயுது. கல்லு ஏத்தாம இருந்திருந்தா இன்னும் நாலஞ்சு வருஷம் தாங்கியிருக்கும். இப்ப ரிப்பேருக்கு உங்க வரி பத்தாதுங்க.”

அவன் வண்டியில் கிடந்த கற்களைப் பார்த்தான். “எம் பொண்டாட்டிக்கு வாரம் மூணு தடவ...”

“தெரியுங்க அண்ணா. அத எழுத இந்தப் படிவத்துல எடமில்லைங்க.” அவள் மடிதிரையை மடித்தாள். “வெள்ளிக்கெழம சாயங்காலம் ஆறு மணியோட மூடிருவாங்க.”

பொன்னரசி டவுனில் தங்கையோடு இருப்பதென்று முடிவாயிற்று. படுத்த படுக்கையாகக் கிடக்கும் அப்பாவை விட்டுத் திருமலைச்சாமியால் வர முடியாது. அவரை அந்த மலை வளைவுகளில் கீழே கொண்டுபோகவும் வழியில்லை.

வெள்ளிக்கிழமை கற்களையெல்லாம் இறக்கிவிட்டு அவளை ஏற்றிக்கொண்டான். ஒவ்வொரு குழியாகப் பார்த்து விலக்கி ஓட்டினான்.

அடிவாரத்தில் பெட்டியை எடுக்கும்போது, வண்டியின் மூலையில் ஒரு கல் மிச்சமிருப்பதைப் பொன்னரசி பார்த்தாள்.

“சாலை உறங்க இன்னும் ஐம்பது நிமிடம்” என்றது வண்டி.

“வேண்டாம்னு நீ சொல்லியிருந்தா கல்லு ஏத்தியிருக்க மாட்டன் கண்ணு,” என்றான் அவன், சம்பந்தமில்லாமல்.

“எனக்கென்னங்க தெரியும்? நானுந்தான் ரெண்டு கல்லு தூக்கிக் குடுத்தேன்.” அவள் குனிந்து அந்தக் கல்லை எடுத்துக்கொண்டாள். “இத நான் வெச்சுக்கறேன். நீங்க பாரமில்லாமப் போங்க மாமா. ரோடு தாங்காது.”

வண்டி முதல் வளைவில் மறைந்தது. ஆறு மணிக்கு வழிகாட்டிப் பலகையில் மேலூத்து என்ற பெயர் அணைந்தது. கையில் இருந்த கல்லை எங்கே இறக்கி வைப்பதென்று தெரியாமல் அவள் இன்னும் அங்கேயே நின்றிருந்தாள்.