குதிகாலில் ஒரு துளி ரத்தம்

ட்ரிங்... ட்ரிங்...!

ஆபீஸ் அறையில் போன் அலறியது.

தரை துடைத்துக்கொண்டிருந்த சுண்டெலி நிமிர்ந்தாள். வயது பதினேழு. அந்தப் பேர் வார்டன் மேடம் வைத்தது. 'இளம் தாய்மார் ஆதரவு இல்லம்' என்று வாசலில் பெரிய பலகை. ஆதரவை உள்ளே வலை போட்டுத் தேட வேண்டும்!

எடுத்தாள்.

"லேப்லேர்ந்து பேசறேன். ஏழாம் நம்பர் படுக்கை அம்மா இருக்காங்களா?"

"நான்தான்..."

"உங்க குழந்தைக்குத் தைராய்டு குறைவும்மா. பயப்படாதீங்க, தினம் ஒரு சின்ன மாத்திரை போதும். ஆனா பதினாலு நாளைக்குள்ள ஆரம்பிச்சாகணும். தவறினா மூளை வளர்ச்சி பாதிக்கும். இன்னிக்குப் பதிமூணு!"

சுண்டெலிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"என் குழந்தை செத்துப் பொறந்துச்சுங்க! சும்மா வயித்தெரிச்சலைக் கிளப்பாதீங்க!"

மறுமுனை திகைத்தது.

"செத்துப் பொறந்துச்சா...? அப்புறம் எப்படிம்மா ரெண்டாவது நாள் குதிகால்ல குத்தி ரத்தம் எடுத்தாங்க? கார்டு என் கையில இருக்கே!"

அவள் கையிலிருந்த துடைப்பான் நழுவி விழுந்தது.

பிரசவ மயக்கம் தெளிந்ததும் மேடம் சொன்னது இவ்வளவுதான்... "போயிடுச்சு. நல்லதுன்னு நினைச்சுக்கோ." முகத்தைக்கூடக் காட்டவில்லை. பதிமூன்று நாளாகப் பால் கட்டி, அழுது தீர்த்தாளே பாவி மகள்!

நடந்தது இதுதான். 'தத்துக் கொடுக்கப்போறோம்' என்ற மேடத்தின் பேச்சை நம்பிய புது நர்ஸ், எல்லாக் குழந்தைக்கும் செய்வதுபோல இதற்கும் ரத்தம் எடுத்து அனுப்பிவிட்டாள். ரகசியம் வெளியே போகாமலிருக்க மறுநாளே அவளை வேலையை விட்டு நிறுத்தினாள் மேடம்; ரத்தம் லேபுக்குப் போனது தெரியாமலே. மேடத்துக்கு நர்ஸைத் திட்டத்தான் தெரியும்... நர்ஸின் வேலை தெரியாது!

சுண்டெலி குரலைத் தாழ்த்தினாள்.

"அக்கா... உங்க காலைப் புடிச்சுக் கேக்கறேன். போலீஸை அனுப்புங்க. பின்வாசல் வழியா வரச் சொல்லுங்க. குழந்தை எங்கன்னு தெரியறதுக்கு முன்னாடி புடிச்சா, இந்தம்மா வாயே திறக்காது!"

அரை மணி கழித்து மேடம் வந்தாள்.

"தரையா இது? வழுக்குது! பதினேழு வயசுல வயித்தைத் தள்ளிக்கிட்டு வந்தவளுக்கு வேலை செய்ய மட்டும் உடம்பு எப்படி வணங்கும்?"

"மேடம்... லேப்லேர்ந்து போன். பதிமூணு நாள் குழந்தை ஒண்ணுக்கு ஏதோ தொத்து வியாதியாம். மருந்தே இல்லையாம். தொட்டவங்களுக்கும் ஒட்டிக்குமாம். நம்ம இல்லத்துல அப்படி யாரு மேடம்?"

மேடத்தின் முகம் வெளுத்தது.

"யாருமில்ல! ராங் நம்பர்! நீ வெளியே போடி!"

கதவு சாத்தப்பட்டது. சுண்டெலி காதை ஒட்டவைத்தாள்.

"அம்மா பேசறேன்... அதை வெறுங்கையால தூக்காதே, தொத்து வியாதியாம்! உடனே கொண்டாந்து குடுத்துடு! ...அழாதேடி. அடுத்த வாரம் நாலாம் நம்பர்காரிக்குப் பிரசவம். அதை எடுத்துக்கலாம்!"

காய்கறி விற்பதுபோல் பேசினாள், படுபாவி!

அடுத்த இருபதாவது நிமிடம் கார் கிறீச்சிட்டது.

முகமூடி... கையுறை... கையை நீட்டி எட்டப் பிடித்த ஒரு துணி மூட்டை. மேடத்தின் சொந்த மகள்!

"ஏழு வருஷமா புள்ள இல்லன்னு கேட்டா, நோய் புடிச்சதைக் கொண்டாந்து என் தலையில கட்டிட்டியேம்மா! இந்தா, நீயே வெச்சுக்கோ!"

"கத்தாதேடி..."

"கத்தட்டும், நல்லா கேக்குது."

பின்வாசல் பக்கத்து ஸ்டோர் ரூம் கதவைத் திறந்துகொண்டு வந்தார் பெண் இன்ஸ்பெக்டர். பின்னால் இரண்டு கான்ஸ்டபிள்கள்!

அதற்குள் மூட்டை சுண்டெலியின் மார்புக்குப் போயிருந்தது. முகத்தை விலக்கிப் பார்த்தாள். முதல் முறையாக! ஓவென்று அழுதாள்.

"ஐயோ, ஒட்டிக்கும்!" என்றாள் மகள்.

"ஒண்ணும் ஒட்டாது. தைராய்டு. தினம் ஒரு மாத்திரை," என்றார் இன்ஸ்பெக்டர். "ஜீப்லயே கூட்டிட்டுப் போறேன். இன்னிக்கே முதல் மாத்திரை."

மேடம் பல்லைக் கடித்தாள்.

"எங்கிட்டயே பொய் சொன்னியாடி?"

சுண்டெலி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"என்ன மேடம் நீங்க... உயிரோட இருக்கிற புள்ளைய செத்துப்போச்சுன்னு சொன்னீங்க. நான் ஏதாச்சும் கோவிச்சுக்கிட்டேனா?"