பதின்மூன்றாவது செய்தி

குளியலறைக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அதே சொட்டுச் சத்தம் போனுக்குள்ளிருந்தும் கேட்டது.

அம்மாவுக்கு அனுப்ப அவள் பன்னிரண்டு குரல் செய்திகளைப் பதிந்து வைத்திருந்தாள். ஆய்வகம் போக முடிந்த, பசியெடுத்த ஒரு நல்ல வியாழக்கிழமையில், ஒரே மூச்சில். ‘சாப்பிட்டேம்மா. நல்லா இருக்கேன்.’ நிஜம்போல இருக்கட்டும் என்று ஐந்தாவதில் ஒரு தும்மல்கூடச் சேர்த்தாள். தினமும் காலை ஏழு மணிக்கு ஒன்று தானாகப் போய்விடும். அந்த வெளிநாட்டு விடுதி அறையில் அவள் போர்வைக்குள்ளிருந்து எழாத நாட்களிலும் போனது. நேற்றோடு பன்னிரண்டும் தீர்ந்தன.

இன்று காலை பதின்மூன்றாவது போயிருந்தது.

இருபது நொடி. அவள் குரல். நடுவில் அவள் சிரிப்பு. பின்னணியில் இந்தக் குழாய், இந்த ஹீட்டரின் முனகல். கீழே அம்மாவின் பதில்: “இன்னிக்குத்தான்டி உன் குரல்ல உயிர் இருக்கு. இனிமே நிம்மதியாத் தூங்குவேன்.”

யாரிடமாவது சொல்லியாக வேண்டும். வெளிநாட்டு மாணவர்களைப் புதன்கிழமைதோறும் கதவு தட்டி விசாரிக்கும் சீனியர் அக்காவை அழைத்தாள்.

“அக்கா, கொஞ்சம் வரீங்களா? எனக்கு முடியலை.” வாயிலிருந்து பாதி காற்றுதான் வந்தது.

“நீயா? என்னடி, அதுக்குள்ள தொண்டை கட்டிடுச்சு? இப்பதானே வந்துட்டுப் போனேன். கதவைப் பாதி திறந்துக்கிட்டு, ‘சூப்பரா இருக்கேன்க்கா, இனிமே வராதீங்க’ன்னே. லிஸ்ட்லேர்ந்து உன் பேரை எடுத்துட்டேன்.”

“அது நான் இல்லைக்கா” என்றாள். காற்று மட்டும் வந்தது. அக்கா இரண்டு முறை ஹலோ சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

மணி மூன்றுதான். அதற்குள் ஜன்னல் சாம்பலாகியிருந்தது. ஒரு வாரமாக அவள் தொடாத ஷாம்பூவின் வாசனை, ஈரமாக, குளியலறைப் பக்கமிருந்து வந்துகொண்டிருந்தது.

அம்மாவின் எண் பிஸி. மறுபடியும் பிஸி. அப்பாவின் எண்ணுக்கு அடித்தாள்.

எடுத்தது அம்மா. “ஹலோ?”

அம்மா. அம்மா, நான்தான். உதடு அசைந்தது. சத்தம் இல்லை.

“ஹலோ, யாருங்க?” பிறகு வேறு பக்கம் திரும்பிச் சொன்ன குரல். “இருடி செல்லம், அப்பா போன்ல யாரோ. பேச்சையே காணோம்.”

குழாய் நின்றது.

குளியலறைக்குள் யாரோ சிரித்தார்கள். அவள் சிரிப்பு.

“வெச்சிடும்மா. ராங் நம்பரா இருக்கும்.”

அம்மா வைத்துவிட்டாள்.

குளியலறைக் கதவின் அடியில் மஞ்சள் வெளிச்சக் கோடு. அதில் இரண்டு பாதங்களின் நிழல். இந்தப் பக்கம் பார்த்து. கைப்பிடி மெல்லக் கீழே இறங்கியது.