மோதிரத்தில் ஒரு காலி ஸ்டூல்

அவள் மாடிப்படியின் அடியில் கிடந்தாள்.

கழுத்து, திரும்பக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது.

வேலைக்காரம்மா கதவைத் திறந்தபோது மணி பன்னிரண்டே கால். "பதினொன்றரைக்கு உயிர் போயிருக்கும்" என்றார் டாக்டர். மேல்கையில் ஐந்து விரல்களின் தடம் கன்றிப்போயிருந்தது.

தானாக விழுந்தவளுக்கு விரல் தடம் ஏது?

சந்தேகம் புருஷன் மேல் விழுந்தது. விவாகரத்துக்காக அவள் வக்கீலைப் பார்த்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது.

ஆனால் புருஷனுக்கு ஒரு மோதிரம் சாட்சி சொன்னது.

பதினோராம் நாள் காலை. நகைகளுக்கு விளம்பரப் படம் எடுக்கும் ஸ்டூடியோ. அது புருஷனுடையது; தொழிலில் அவனை எல்லோரும் 'லென்ஸ்' என்றுதான் கூப்பிடுவார்கள். அங்கேயே கம்ப்யூட்டரில் படங்களை ஒட்டும் வேலை பார்ப்பவள், செத்தவளின் தங்கை.

இன்ஸ்பெக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கான்ஸ்டபிள் கதவோரம் நின்றார்.

"ஃபைலை மூடத்தான் வந்தேன். அந்த மோதிரப் படங்களை ஒரு தடவை பார்த்துட்டாக் கையெழுத்துப் போட்டுட்டுக் கிளம்பிடுவேன்."

"தாராளமா. குட்டி, சாருக்குப் போட்டுக் காட்டு" என்றான் லென்ஸ்.

"எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க. ஒரு மோதிரத்துக்கு எதுக்கு இத்தனை படம்?"

"இவ்வளவு கிட்டக்க எடுத்தா முடி கனத்துக்குத்தான் தெளிவா விழும் சார். மத்ததெல்லாம் மங்கல். அதனால கேமரா தானா ஒரு முடி நகரும், எடுக்கும்... நகரும், எடுக்கும். மொத்தம் நூத்தியெண்பது தடவை. ஒவ்வொரு தடவையும் ரெண்டு படம். வைரம் வெளுத்துப் போயிடாம ஒண்ணு இருட்டா, வளையம் கறுத்துப் போயிடாம ஒண்ணு வெளிச்சமா. எல்லாத்துலேருந்தும் நல்லா விழுந்ததை மட்டும் எடுத்து இவ ஒரே படமாச் சேர்ப்பா."

"எவ்வளவு நேரம்?"

"இருபது செகண்டுக்கு ஒரு தடவை. பதினொண்ணுலேருந்து பன்னண்டு."

"நீங்க?"

"எதிர்ல ஸ்டூல்ல. மோதிரத்தோட பளபளப்புல என் உருவம் விழுந்திருக்கும். கடைசிப் படத்துல அதை அழிச்சிடுவோம். மூலப் படத்துல அப்படியே இருக்கும்."

"ஆக, தடவைக்கு ஒண்ணுன்னு வெச்சாலும் நூத்தியெண்பது சாட்சி."

"பொய் சொல்லத் தெரியாத சாட்சி சார்."

தங்கை பட்டனைத் தட்டினாள்.

மோதிரம் திரையை நிறைத்தது. அதன் வளைவுக்குள் சின்னதாக ஸ்டூடியோ. விளக்கு... கதவு... ஸ்டூல். ஸ்டூலில் மங்கலாக ஓர் ஆள்.

முதல் படம். பத்தாவது. பதினாலாவது.

பதினைந்தாவதில் ஸ்டூல் காலி.

முப்பதிலும் காலி. எண்பதிலும் காலி. நூற்று முப்பத்திரண்டாவதில்தான் ஆள் திரும்ப வந்து உட்கார்ந்தான்.

இன்ஸ்பெக்டர் மெல்லக் கணக்குப் போட்டார். "முப்பத்தொம்பது நிமிஷம். இங்கேருந்து உங்க வீடு காருல பதினஞ்சு நிமிஷம். போக வர அரை மணி. மீதி ஒம்பது நிமிஷம்... ஒருத்தரை மாடிப்படியிலேருந்து தள்ள அதுவே ஜாஸ்தி."

லென்ஸின் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது.

"சார், நான் எழுந்திருக்கவே இல்ல."

"சாட்சிக்குப் பொய் சொல்லத் தெரியாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"இவ ஏதோ பண்ணியிருக்கா. என்னடி பண்ணின?"

"நான் என்ன பண்ணினேன் அத்தான்? கேமரா உங்களுது, மோதிரம் நீங்க வெச்சது..."

"நீங்க இங்கதான் இருந்தீங்கன்னு சொல்ல ஒரே ஒரு ஆள் காட்டுங்க" என்றார் இன்ஸ்பெக்டர்.

"ரூம்ல நான் மட்டும்தான் சார்..."

"அப்ப எழுந்திருங்க. போகலாம்."

"இருங்க, இருங்க... போன். இந்த மேஜை போன். பதினொண்ணு நாற்பதுக்கு அடிச்சுது. ஸ்டூல்ல உட்கார்ந்தபடியே நான்தான் எடுத்துப் பேசினேன். டெலிபோன் ஆபீஸ்ல கேட்டுப் பாருங்க. இங்க இல்லாதவன் எப்படி சார் எடுப்பான்?"

"கூப்பிட்டது யாரு?"

லென்ஸ் மேஜை போனைக் கொஞ்சம் தள்ளி வைத்தான்.

"ராங் நம்பர்."

இன்ஸ்பெக்டர் செல்போனை எடுத்து ஸ்டேஷனுக்குச் சொன்னார். பதில் வரப் பத்து நிமிடம் ஆயிற்று. அந்தப் பத்து நிமிடமும் தங்கை கண்ணிமைக்காமல் அத்தானையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

செல்போன் அடித்தது. இன்ஸ்பெக்டர் கேட்டார். வைத்தார்.

"ராங் நம்பரோட ரெண்டு நிமிஷம் பேசியிருக்கீங்க. அது உங்க கார் டிரைவர் நம்பர். அன்னைக்கு அவன் லீவுல ஊருக்குப் போயிருந்தான்னு நீங்களும் சொன்னீங்க, அவனும் சொன்னான். ஆனா பேசினது உங்க வீட்டுப் பக்கத்து டவர்லேருந்து. நாங்க உங்க செல்போனைத்தான் குடைஞ்சோம். இந்த மேஜை போனை மறந்துட்டோம்... நல்லவேளை, ஞாபகப்படுத்தினீங்க."

லென்ஸ் கதவுப் பக்கம் நகர்ந்தான். கான்ஸ்டபிள் குறுக்கே நின்றார்.

"அவன்தான் சார்... அவன்தான் தள்ளினான்..."

"தள்ளச் சொன்னது?"

கான்ஸ்டபிள் விலங்கு மாட்டி அவனை வெளியே நடத்திப் போனார்.

இன்ஸ்பெக்டர் திரையைப் பார்த்துப் புருவம் நெரித்தார்.

"ஒண்ணு இடிக்குதேம்மா. போனை எடுத்தான்னா இங்கதான் இருந்திருக்கான். அப்புறம் ஸ்டூல் எப்படிக் காலியாச்சு?"

"அத்தான் சொன்னது நிஜம் சார். அவர் எழுந்திருக்கவே இல்ல."

"என்னது?"

"நான்தான் காலி ஸ்டூலைத் தனியாப் படம் எடுத்து, அவரை அழிச்சுட்டு ஒட்டினேன். மூலப் படமெல்லாம் பத்திரமா இருக்கு."

இன்ஸ்பெக்டர் திரைக்குக் கிட்டே குனிந்து ஸ்டூலை உற்றுப் பார்த்தார்.

"சாட்சியத்துலயே கை வெச்சியா? அவன் குத்தவாளின்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"நூத்தியெண்பதுலயும் அவர் இருந்தார் சார். அதான் தப்பு. கேமரா முடி முடியா நகரும்போது ரூம்ல யாராவது நடந்தாக்கூட அத்தனையும் பாழ். பட்டனைத் தட்டிட்டு எல்லாரும் வெளிய போயிடணும். எங்களை விரட்டறதே அவர்தான். ஒரு தடவை உள்ள நின்னு தும்மினேன்னு ஒரு வாரம் என்னோட பேசல. அப்படிப்பட்ட மனுஷன், அன்னைக்கு மட்டும் ஒரு மணி நேரம் மோதிரத்துக்கு நேரா உட்கார்ந்திருக்கார். மோதிரத்தை எடுக்கறதுக்கு இல்ல... அதுல தான் விழறதுக்கு."

"அதனால?"

"அவர்கிட்ட இருந்த ஒரே சாட்சியைப் பிடுங்கினேன். வேற எதையாவது எடுத்து நீட்டுவார்னு நினைச்சேன். நீட்டலைன்னா, அப்படியே தூக்குக்குப் போகட்டும்னு விட்டிருப்பேன். எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

இன்ஸ்பெக்டர் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"இதுக்கு உன் மேலயும் கேஸ் உண்டு, தெரியுமா?"

"போடுங்க சார். ஆனா ஜெயில்ல அத்தானுக்குப் பக்கத்து அறையாப் பார்த்துக் குடுங்க. தினமும் பாடணும்... நான் பாடினாக் கல்லுக்கும் காது வலிக்கும்னு அக்கா சொல்லுவா."